பித்தப்பை போன பிறகு வந்த கல்

அன்புள்ள சேகர்,

இங்கே இப்போது எல்லோரும் நலம். மாரியண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று நீ எழுதிய வசவு முழுதும் வந்து சேர்ந்தது. அந்த வாரம் கலாவுடன் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

2019இல் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்களே, ரத்தம் கொடுக்க வந்து ஊசியைப் பார்த்ததும் நீ மயங்கி விழுந்தாயே, அதன் தொடர்ச்சிதான். மேல்வயிற்றில் வலி, குளிர் ஜுரம், கண்ணெல்லாம் மஞ்சள். "பித்தப்பையே இல்லாதவளுக்குப் பித்தக்கல் எங்கிருந்து வரும், வெறும் வாயு" என்று தெருவே தீர்ப்பு சொன்னது. அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டினார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது. அந்தச் சரக்கு ரயிலை நான் ஏசியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஸ்கேனில் பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தம் இறங்கும் குழாயில், கல். கல்லின் நடுவே பழைய ஆபரேஷனில் போட்ட கிளிப்! பித்தப்பையை வெட்டி எடுக்கும்போது அதன் குழாயை அடைக்க டைட்டானியம் கிளிப் போடுவார்கள். மிக அபூர்வமாக ஒன்று இடம் பெயர்ந்து நாளத்துக்குள் நுழைந்துவிடுமாம். அதன்மேல் பித்தம் படிந்து படிந்து கல்லாகும். தெரிய வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். நன்றாகச் செய்த ஆபரேஷனிலும் இது நடக்குமாம். திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கத்தி வைக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் நாளம் திறக்கும் வாயைச் சற்று அகலப்படுத்தி, குட்டிக் கம்பிக்கூடையால் இரண்டையும் இழுத்துவிட்டார்கள். மறுநாளே இட்லிக்குச் சட்னி சரியில்லை என்றாள். பிழைத்தாள் என்று அப்போதுதான் நம்பினேன்.

சும்மா இருக்காமல் டாக்டரை நோண்டினேன். பித்தப்பையை எடுக்கும்போது நாளத்திலேயே காயம் படுவது ஆயிரத்தில் மூன்று, நான்கு பேருக்கு நேருமாம். பித்தம் கசிவது உண்டு. ஆபரேஷனில் சிதறி வயிற்றுக்குள் தங்கிய கல், வெகுகாலம் கழித்துச் சீழ்க்கட்டியாவதும் உண்டு. கேட்டுவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை.

காரணம் நீதான். உனக்கும் பித்தப்பை இல்லை. சாப்பிட்டதும் வலப்பக்கம் பிடிக்கிறது என்று போனில் புலம்பினாய், பழியை பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கிற பர்மா நூடுல்ஸ், அந்த அத்தோமேல் போட்டாய். அத்தோவை விடு. கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடு. பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கையோடு கொண்டுபோ. குளிர் ஜுரமும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே.

உன் வீட்டம்மாவுக்கும் தனியாகப் போன் செய்யப்போகிறேன். ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டுமே.

அன்புடன்,
ரவி
தண்டையார்பேட்டை