பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள்

அயர்லாந்தின் கிராமங்களில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான் கவுண்டி மேயோவில் இருக்கிறேன். உங்களில் பலரைப் போல மருத்துவமனை வேலைக்காக வந்தவள். ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல்.

பிப்ரவரி 1 இங்கே புனித பிரிஜிட்டின் நாள். போன ஜனவரி 31 மாலை, பக்கத்துப் பண்ணை வீட்டு அம்மா என் மகளைக் கூப்பிட்டு, அந்த நாளுக்கான பிரிஜிட் சிலுவை முடையக் கற்றுக்கொடுத்தார். ஈர வயலில் கோரை மாதிரி வளரும் தண்டுகள்தான் அதற்கு வேண்டும். அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டுமாம். ஒவ்வொரு தண்டாக மடித்துச் செருகி, செருகியதைத் திருப்பி, கடைசியில் நான்கு முனையையும் கட்டினால் சிலுவை. வீட்டில் தீப்பிடிக்காமல் காக்கும் என்று வாசலுக்கு மேல் மாட்டுவார்கள்.

கை முடைந்துகொண்டிருக்க, அவர் பேச்சு பழைய நாட்களுக்குப் போனது. அவருடைய பாட்டி வெண்ணெய் கடையும்போது யார் வந்தாலும் கடைகோலைப் பிடித்துக் கொஞ்சம் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் வெண்ணெயின் அதிர்ஷ்டம் வந்தவரோடு போய்விடும் என்று பயம். நம் மத்து சுழலும். அவர்களுடையது உயரமான மரத்தொட்டிக்குள் மேலும் கீழும் போய்வரும். வெந்த உருளைக்கிழங்கை வில்லோ குச்சியில் பின்னிய தட்டைக் கூடையில் கொட்டி வடியவிட்டு, கூடையைப் பானை மேலேயே வைத்து, வீடே சுற்றி உட்கார்ந்து சாப்பிடுமாம். அப்புறம் ‘சூகான்’ என்ற வைக்கோல் கயிற்றைப் பற்றிச் சொன்னார். ஒருவர் உட்கார்ந்து வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க, இன்னொருவர் கொக்கியால் முறுக்கிக்கொண்டே பின்னால் நடந்து போவாராம். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் வைக்கோல் பிரிதான்! அதைக்கொண்டு இங்கே நாற்காலிக்கு இருக்கை பின்னியிருக்கிறார்கள்.

இந்த நாட்டில் 1937இல் ஓர் அருமையான வேலை தொடங்கியது. அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கேட்டு எழுதி வாருங்கள் என்றது. இரண்டே வருடத்தில் ஏறக்குறைய 5,000 பள்ளிகளிலிருந்து 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பழைய கைத்தொழில், வெண்ணெய் கடைதல், ரொட்டி சுடுதல் எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கு டூகஸ் (duchas.ie) இணையதளத்தில், அந்தக் கையெழுத்துப் பக்கங்களையே இலவசமாகப் படிக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பல ஊர்கள் இருக்கின்றன.

அதே வேலையை நம் பிள்ளைகளும் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அவர்களுக்கு இங்கே தாத்தா பாட்டி இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் பலரோ ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். காஸில்பார் பக்கம் டர்லோ பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். கூடையும் கடைதொட்டியும் அங்கே இருக்கின்றன. ஆனால் என் மகளின் விரல் பழகியது அந்த அம்மாவின் அடுப்படியில்தான்.

‘நாம் வேற்று நாட்டுக்காரர்கள், போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ’ என்று தயங்காதீர்கள். நானும் வருடக்கணக்கில் தயங்கினேன். அந்த அம்மாவோ யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்.

2023இலிருந்து பிரிஜிட் நாளுக்குப் பொது விடுமுறை உண்டு. ஆனால் தண்டு பிடுங்குவதும் முடைவதும் அதற்கு முன்பே நடக்கிற வேலை. அதனால் ஜனவரி கடைசி வாரமே போய்க் கதவைத் தட்டுங்கள். நோட்டையும் பென்சிலையும் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மேயோவிலிருந்து ஒரு தாய்