நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்

முதியோர் மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும், வணக்கம்.

என் அம்மாவுக்கு நீங்கள் வழக்கமாகச் செய்யும் நடைப் பரிசோதனையைச் செய்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி அம்மா கருத்தாக நடந்து முடித்தார். "நல்லா நடக்கிறாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, மடித்த துணிகளோடு கூடத்தைக் கடந்தவரிடம் "சாவி எங்கேம்மா?" என்று கேட்டேன். யோசித்தார். கால் மிதியடி ஓரத்தில் தட்டியது. இடுப்பு எலும்பு முறிவு.

கேட்டது நான்தான், அந்த உறுத்தல் என்னோடு இருக்கட்டும். ஆனால் பரிசோதனை அறையில் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருக்கலாமே?

வயதாக ஆக, பாதத்தின் உணர்வும் பார்வையும் தசை வலுவும் குறைவதை மூளையின் முன்பகுதி கவனத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறது. சாவியை நினைவில் தேடுவதற்கும் அதே கவனம்தான் வேண்டும். ரெண்டும் சேர்ந்து வந்தால் நடை வேகம் குறையும், அடிகள் சீரில்லாமல் போகும்.

இது உங்களுக்குப் புதுசு இல்லை. 1997-லேயே லான்செட் மருத்துவ இதழில் ஒரு சுவீடன் ஆய்வு வந்தது. முதியோர் 58 பேரோடு கூடவே நடந்து பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றுவிட்டார்கள். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நிற்காதவர்களிலும் சிலர் விழுந்தார்கள், ஆகவே நிற்காமல் நடந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கருவியே தேவைப்படாத சோதனை இது!

நான் கேட்பது இன்னொரு சுற்று. முதல் சுற்று அமைதியாக நடக்கட்டும். அடுத்ததில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லுங்கள். கணக்கு வராதவரிடம் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். (காது மந்தமானவர் கேள்வி புரியாமலும் நிற்பார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டு நேரத்தையும் சீட்டில் எழுதி, கூட வந்தவரிடம் காட்டி விளக்குங்கள்.

தடுமாறுகிறவர்களுக்குப் பயிற்சியும் உண்டு. ஜெனீவாவில் பியானோ இசைக்கேற்ப நடையை மாற்றி மாற்றிப் பழக்கியதில் முதியோர் விழுவது குறைந்தது என்று 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். வார்டில் நடந்து போகிறவரைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து, அவர் நின்ற பிறகு பேசுங்கள். வீட்டில் நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

இப்படிக்கு,
சாவியைக் கேட்டவள்