பருமனானவர்களுக்கும் இன்சுலின் தேவைப்படலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வயதுக்கு மேல் சீனி வருத்தம் வந்து, உடம்பும் பருமனாக இருந்தால் அது இரண்டாம் வகைதான் என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலினைச் சுரக்கும் கணையத்தைத் தாக்கும் முதலாம் வகை பருமனானவர்களையும் விடாது. குளிசையைக் கூட்டியும் சீனி இறங்காவிட்டால், அந்தத் தாக்குதல் நடக்கிறதா என்று காட்டும் ‘காட்’ (GAD) எதிர்பொருள் பரிசோதனை, உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்சுலின் தொடங்கியதும் எடை ஏறுவது உண்மை. சிறுநீரோடு போய்க்கொண்டிருந்த சீனி இப்போது உடம்பில் தங்குகிறது. அதற்காக ஊசியைத் தவிர்ப்பது மிக ஆபத்து: இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேர்ந்து வாந்தி, மூச்சிரைப்பு என்று உயிருக்கே உலை வைக்கும்.

எடை ஏற இன்னொரு காரணம், சீனி இறங்கும்போது பயத்தில் கண்டதையும் சாப்பிடுவது. இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். இன்னும் ஏறாவிட்டால் மட்டும் அதே அளவு மீண்டும். அடிக்கடி இப்படி இறங்கினால் ஊசியின் அளவு கூடியிருக்கலாம். வைத்தியரிடம் சொல்லித் தேவையானால் குறைக்க வேண்டும்.

இரவுப் புட்டைக் கண்மதிப்பில் போடாதீர்கள். தினமும் ஒரே கோப்பையால் அளந்தால்தான் ஊசியும் சாப்பாடும் ஒத்துப்போகும். ஒரே இடத்தில் குத்தினால் தோலின் கீழ் கட்டி விழும். அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காகச் சேராது. ஒவ்வொரு முறையும் ஒரு விரலகலம் தள்ளிப் போடுங்கள்.

நீரிழிவுப் பராமரிப்புத் தாதியர் சிலர்,
யாழ்ப்பாணம்.