மாலை ஏழு மணிக்கு வந்து அளவெடுங்கள்: மின் பகிர்மானச் செயற்பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவின் லோ வோல்டேஜ் புகார், "ஆய்வு செய்யப்பட்டது, மின்னழுத்தம் சரியாக உள்ளது" என்று மறுபடியும் முடித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வு நடந்தது பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் 235 வோல்ட் வருவதை இங்கே யாரும் மறுக்கவில்லை. மாலை ஆறரையிலிருந்து இரவு பத்து வரைதான் பிரச்சினை என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதியிருந்தோம். கோப்பு தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது, பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான். மாலை ஏழு மணிக்கு, எங்கள் முன்னிலையில் அளவெடுங்கள்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதையும் டியூப் லைட் எரியாததையும் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாதது தண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் ஊரணிக்கரை போர்வெல் இதே லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஸ்டார்ட்டரை அமுக்கினால் மோட்டார் உறுமும், சில விநாடிகளில் மோட்டாரைக் காக்கும் ரிலே விழுந்து மோட்டார் நின்றுவிடும். மறுநாள் காலை குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும், தொட்டியில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் வந்தால் போதும் என்று யாராவது அந்த ரிலே இருக்கும் பிரிவென்டரை பைபாஸ் செய்து மோட்டாரை ஓட்டினால் காயில் கருகிவிடும். பிறகு முக்காலி கட்டி, செயின் பிளாக் போட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்து, காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி, திரும்ப இறக்க வேண்டும். அதுவரை ஊருக்கு டேங்கர் தண்ணீர். அந்தச் செலவை ஊராட்சி தன் நிதியிலிருந்து கொடுக்கிறது. "மோட்டார் பழசு" என்று சொல்லி அலுவலகம் ஒதுங்கிக்கொள்கிறது.

மோட்டார் பழசானதால் இது நடக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கம்பி, வீசல் (Weasel) எனப்படும் மெல்லிய அலுமினிய ரகம். கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம். லைனில் ஆர், ஒய், பி என மூன்று பேஸ் கம்பிகளும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் உண்டு. தெருவின் வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் ஆர் பேஸ் ஒன்றிலேயே மாட்டப்பட்டிருக்கின்றன, ஏணி வைத்தால் கைக்கு முதலில் எட்டும் கம்பி அதுதான். மாலையில் அந்த ஒரு பேஸ் 40 ஆம்பியர் இழுத்தால் போகும் கம்பியில் 36 வோல்ட் குறையும். மற்ற இரண்டு பேஸிலும் ஏறக்குறைய சுமையே இல்லாததால் அதே 40 ஆம்பியர் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதில் இன்னொரு 36 போகும். 240-இல் மிஞ்சுவது 168. ஏற்ற இறக்கம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதன்படி 226-க்குக் கீழே இறங்கவே கூடாது. 168 வோல்ட்டில் பிரிட்ஜ் கம்ப்ரசரின் முறுக்குவிசை பாதியாகிவிடும், ஏனென்றால் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நியூட்ரல் இப்படி நகர்வதால் ஒய், பி பேஸில் இருக்கும் இரண்டொரு வீடுகளில் அதே நேரத்தில் 260 வரை ஏறி பல்புகள் போகின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் லோ வோல்டேஜ், எதிர்வீட்டில் ஹை வோல்டேஜ். இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே.

போர் மோட்டாருக்கு வருவோம். மேலே சொன்ன அதே கணக்கில், பேஸுக்கும் பேஸுக்கும் இடையே இரண்டு ஜோடியில் 385, மூன்றாவதில் 415 வரும். சராசரி 395 என்பதால் காகிதத்தில் நன்றாகத்தான் தெரியும். ஆனால் மோட்டாருக்குச் சராசரி உதவாது. மின்னழுத்தத்தில் 5 சதவீதம் ஏறுமாறு இருந்தால் மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் அது பல மடங்காகப் பெருகும், 30 சதவீதத்துக்கு மேலேயே போகும். ஒரு காயில் மட்டும் சூடேறும். ரிலே விழுவது அதனால்தான். அந்த ரிலே தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

இதற்கு, "புது டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறோம், நிதி வரட்டும்" என்ற பதிலே ஒவ்வொரு முறையும் வருகிறது. அதே 40 ஆம்பியரை மூன்று பேஸுக்கும் பிரித்தால் ஒரு பேஸுக்கு 13 ஆம்பியர்தான். கம்பியில் குறைவது 12 வோல்ட், நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 228 வோல்ட் வரும், விதிக்குள் வந்துவிடும். இதற்குப் புதுக் கம்பியோ புதுக் கம்பமோ வேண்டாம். லைனை ஆஃப் செய்து, எர்த் ராடு மாட்டி, சர்வீஸ் வயர்களைக் கம்பத்துக்குக் கம்பம் மாற்றிக் கட்டினால் போதும். இரண்டு பேர், அரை நாள். கூடவே கம்பிகளை இணைக்கும் நியூட்ரல் ஜம்பர் துண்டுகளைச் சுரண்டி இறுக்கிவிட வேண்டும், ஒரு தளர்ந்த ஜம்பர் இந்தக் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும். இது செம்புராங்கல் பூமி, கோடையில் எர்த் குழி எலும்பாய்க் காய்ந்துவிடும். டிரான்ஸ்பார்மரடி எர்த் குழிகளில் கரியும் உப்பும் நிரப்பித் தண்ணீர் ஊற்றுவதும் இதே வேலையோடு முடியும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். கல்யாண மாதங்களிலும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, திருவிழா நாட்களிலும் இது போதாமல் போகலாம். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் அப்போது ஒரே வாரத்தில் திறக்கும். ஏசி, கிரைண்டர், சீரியல் செட் எல்லாம் ஒன்றாக ஓடும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்குத் தாங்குவது 133 ஆம்பியர். அதைத் தாண்டும்போது பியூஸ் போகிறது, பியூஸ் போகாமலிருக்கக் கம்பியைத் தடிமனாக முறுக்கிப் போடுகிறார்கள், அடுத்து டிரான்ஸ்பார்மரே போகிறது. லைன்மேனை நாங்கள் குறை சொல்லவில்லை. பல ஊர்களை ஒற்றை ஆளாகப் பார்க்கும் மனிதர் வேறென்ன செய்வார்? புது டிரான்ஸ்பார்மர் தேவையா என்பதையும் மாலை நேர அளவுதான் சொல்ல முடியும். இதற்கிடையில் வசதியுள்ளவர்கள் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். ஒவ்வொரு ஸ்டெபிலைசரும் லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுத்து, வாங்க முடியாத அடுத்த வீட்டின் வோல்டேஜை இன்னும் இறக்குகிறது.

தெலங்கானாவின் சிரிசில்லாவில் 1970 முதல் மின்சாரம் வழங்குவது ஒரு கூட்டுறவுச் சங்கம். கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் அப்படியே. இணைப்பு வைத்திருப்பவரே அங்கே உறுப்பினர், இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தின் முளா-பிரவரா சங்கம் மின்சாரம் வாங்கிய பாக்கி ஏறி, 2011-இல் உரிமத்தையே இழந்தது. ஆனாலும் உறுப்பினருக்கு ஒரு உரிமை உண்டு. பொதுக்குழுவில் எழுந்து நின்று, "என் தெரு டிரான்ஸ்பார்மரில் சுமை எவ்வளவு?" என்று கேட்கலாம். செட்டிநாட்டில் இதை விளக்கவே வேண்டியதில்லை. கோயில் திருப்பணிக்குப் புள்ளிவரி (குடும்பக் கணக்கில் வாங்கும் வரி) போட்டால் வரவு செலவை நகரத்தார் முன்னால் வாசித்தாக வேண்டும், புள்ளி கொடுத்தவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பணம் கட்டும் எங்களுக்கு, எங்கள் டிரான்ஸ்பார்மரின் கணக்கு ஏன் தெரியக் கூடாது?

கோபத்தில் எழுதியது போலத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42(5) பிரிவின்படி குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகும் வழி எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் தங்களிடமே கேட்கிறோம். ஒரு நாள், மாலை ஏழு மணிக்கு, உதவிப் பொறியாளரை, கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரோடு அனுப்பிவையுங்கள். டிரான்ஸ்பார்மரடியில் மூன்று பேஸ், நியூட்ரல் என நான்கு ஆம்பியர் அளவுகள், கடைசிக் கம்பத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று, பேஸுக்கும் பேஸுக்கும் இடையே மூன்று என ஆறு வோல்டேஜ் அளவுகள். அவற்றை எங்கள் முன்னிலையில் எடுத்து, தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஆர் பேஸும் நியூட்ரலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால், அந்த வாரத்திலேயே இணைப்புகளைப் பிரித்துக் கொடுங்கள். மின்தடைக்கான நாளை முன்கூட்டிச் சொன்னால் வீட்டுக்கு வீடு நாங்களே தகவல் சொல்லிவிடுகிறோம். எந்த வீடு எந்தக் கம்பத்தில், எந்தப் பேஸில் என்ற பட்டியலும் தயாராக இருக்கிறது. வருபவரிடம் அதைக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஊரணிக்கரைத் தெரு மின் நுகர்வோர்