கதிர் பட்ட ஃபிலிமைக் காற்றில் போட்டு வைத்தது பற்றி: நான்காவது புகார்

வணக்கம்.

முந்தைய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான். யார், எதில் பதிவு செய்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

செயற்கைக்கோளின் வெப்பக் காப்புப் போர்வைக்கான காப்டன், டெஃப்லான் என்ற மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம்களின் துண்டுகளை எலக்ட்ரான் கதிர்ச் சோதனைக்கு உங்களிடம் கொடுத்தோம். முடிந்ததும் நைட்ரஜன் நிரப்பிய பையில் சீல் செய்யச் சொல்லி ஆர்டரிலேயே எழுதியிருந்தது. நீங்கள் பதினொரு நாள் ஜன்னலோர அலமாரியில், வாய் மூடாத ஜிப் பையில் வைத்திருக்கிறீர்கள்!

கதிர் பட்ட காப்டன் கறுக்கும், காற்றுப் பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ராடிக்கல்கள், அதாவது கதிர் அறுத்துவிட்ட மூலக்கூறுத் துண்டுகள், ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மறுபடி வெளுக்கும். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நானா சொல்லித்தர வேண்டும்? நீங்கள் அனுப்பிய படத்தில் 7ஆம் எண் துண்டு கரும்பழுப்பு. என் கைக்கு வந்த 7ஆம் எண் பளிச்சென்ற மஞ்சள். இதை அளந்து வெயிலை எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்குப் போட்டால், மேலே போன பிறகு கருவிகள் வெந்துபோகும். அங்கே வெளுக்க வைக்கக் காற்று ஏது?

போனில் பேசிய உங்கள் ஆள் சொன்னதுதான் இன்னும் காதில் கேட்கிறது. "கலர் பழையபடி வந்துடுச்சே சார், உங்களுக்கு நல்லதுதானே?" சிரித்துக்கொண்டே. நேரில் வரச் சொன்னதும் அவர்தான், போன அன்றைக்கு அந்தப் பிரிவுக்கே லீவு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

டெஃப்லானைச் சொல்லாமல் விட்டேன். லேசாக மடித்தேன், விரிசல் விட்டது. ஹப்பிள் தொலைநோக்கியின் டெஃப்லான் போர்வையிலும் விரிசல் இருந்ததை 1997இல் பார்த்தார்கள், ஆனால் அது 1990இலிருந்து கதிரும் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டது. இதில் கதிர் எவ்வளவு கெடுத்தது, உங்கள் அலமாரி எவ்வளவு கெடுத்தது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு வருட உழைப்பு மொத்தமும் குப்பை.

சண்டை போட விருப்பமில்லை. புதிய துண்டுகள் தருகிறோம், தயவுசெய்து கட்டணமில்லாமல் மறுபடி கதிர் கொடுங்கள், வெற்றிட அறையைத் திறப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். அந்தப் பதினொரு நாளின் ஈரப்பதப் பதிவேடும் வேண்டும், காப்டன் தண்ணீரை இழுக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் போட்டு ஒரு மனிதர் பதில் எழுதாவிட்டால் திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் வரும். அப்புறம், அந்தப் போன் ஆளை மட்டும் மறுபடி என்னிடம் பேச விடாதீர்கள்.