ஓதம் பார்க்காமல் நடத்திய பறவைச் சுற்றுலா: கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை உங்கள் நிறுவனத்தின் வலசைப் பறவைச் சுற்றுலாவில் குடும்பத்தோடு சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வந்தவள் நான். ஆளுக்கு 65 வெள்ளி, நான்கு பேர். உங்கள் விளம்பரப் படத்தில் குளம் முழுக்கப் பறவைகள். நாங்கள் போனபோது இருந்தது வெறும் சேறும் ஒரு சாம்பல் நாரையும்.

இதைச் சொல்லி ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பினேன். "வனவிலங்குகளைக் காண்பதற்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சரி, முதலை தலை காட்டவில்லை, நீர்நாய் வரவில்லை என்று நான் சண்டைக்கு வந்திருந்தால் அந்தப் பதில் பொருந்தும். அதெல்லாம் அதிர்ஷ்டம். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, அப்படியில்லை. அதற்கு அட்டவணை இருக்கிறது.

கடல் வற்றியிருக்கும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வெளியே சேற்றுத் திட்டுகளில் புழுவும் நண்டும் தேடப் போய்விடும். தண்ணீர் ஏறித் திட்டுகள் முங்கிய பிறகுதான் இளைப்பாற உள்ளே குளங்களுக்கு வரும். முன்பு இறால் பண்ணையாக இருந்த குளங்கள் அவை. பறவைகள் நிற்கத் தோதாக இன்றும் மதகு வைத்து அங்கே நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். இந்த விவரத்தை உங்கள் வழிகாட்டி சொல்லவில்லை. பறவைகளை ஒளிந்திருந்து பார்ப்பதற்கான மறைகுடிலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். "தண்ணி ஏறட்டும் பிள்ளை, தானா வரும்" என்றார்.

நீங்களோ எல்லாச் சனிக்கிழமையும் காலை 9 மணிக்கே சுற்றுலாவை வைத்திருக்கிறீர்கள். ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். ஒரு வாரம் 9 மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால், அடுத்த வாரம் அதே நேரத்தில் வற்றித்தான் கிடக்கும். அப்படியானால் பாதி வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் விற்பது காலிக் குளம். துறைமுக ஆணையம் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

வழிகாட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பறவை வரவில்லை என்றதும் கைப்பேசியில் பறவைக் குரலைச் சத்தமாக ஓடவிட்டார். இருந்த ஒரே நாரையும் எழுந்து போனது. சைபீரியா வரை போய்வரும் பறவைகள் களைப்பாறும் இடத்தில் இதையா செய்வது? வேடந்தாங்கல் பக்கம் பிறந்து வளர்ந்த என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைவிட எரிச்சல் பதினொன்றரை மணிக்கு. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு சின்னக் கோட்டான்கள் வந்து இறங்கின. ஒன்று ஒற்றைக் காலில் நின்று, அத்தனை நீள அலகையும் முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டது. பின்னாலேயே சிவந்த கால்களோடு பவளக்காலிகள். அந்த நேரம் பார்த்து வழிகாட்டி கைதட்டி, "பஸ் நிக்குது, வாங்க வாங்க" என்றார். அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டோம். உட்லண்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சுங்கை பூலோவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். ஆக, நாங்கள் பணம் கொடுத்தது சரியான நேரத்துக்கும் விவரம் தெரிந்த ஆளுக்கும்தான். இரண்டும் கிடைக்கவில்லை.

கட்டிய 260 வெள்ளியில் பாதி, 130 வெள்ளியை, நான் பணம் செலுத்திய அதே அட்டைக்குத் திருப்பி அனுப்புங்கள். பற்றுச்சீட்டு, தள்ளுபடி எதுவும் வேண்டாம். சுற்றுலா நேரத்தை ஓதத்தைப் பார்த்து மாற்றப்போகிறீர்களா, மறைகுடிலில் குரல் ஓடவிடுவதை நிறுத்தப்போகிறீர்களா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுப்பேன். ரசீது நகலையும் உங்கள் விளம்பரப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்