பேர் கொடுத்துவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி கடைச் சத்தத்தில் போய்விடுகிறது, மீதியை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து புரியாத இடத்தில் தம்பியைக் கேள், அவனுக்குப் பழக்கம்.

வெல்டிங்கில் திறன் போட்டிக்குப் பேர் கொடுக்கலாமா என்று கேட்டாய். ரூமில் கூட இருக்கிற பெண் "மெடலை வைத்து என்ன பண்ணப்போற, அந்த நேரத்துல ரயில்வே எக்ஸாமுக்குப் படி" என்று சொன்னதாகவும் சொன்னாய். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனி. ரயில்வேயில் கடைநிலையான லெவல்-1 வேலையில் 20 சதவீதம் அப்ரண்டிஸ் என்கிற தொழில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறார்களே, அது ரயில்வேயிலேயே பயிற்சி எடுத்தவர்களுக்கு. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பண்ணுகிற பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது உண்டு, திருச்சி பெல் (BHEL) பாய்லர் தொழிற்சாலையில் இருக்கிற உனக்குக் கிடையாது. நீ பொதுவில் நின்று எழுத வேண்டும். எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சைக்கு வயது இன்னும் நிறைய இருக்கிறது. போட்டிக்குத்தான் இல்லை.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடு. வேர்ல்ட் ஸ்கில்ஸ் என்கிற உலகத் திறன் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. போட்டி நடக்கிற வருடத்தில் 22 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. மெகாட்ரானிக்ஸ் மாதிரி சில பிரிவுகளுக்கு மட்டும் 25 வரை விடுகிறார்கள், வெல்டிங் அதில் இல்லை. அதிலும் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போட்டியிட முடியும். 2026 ஷாங்காய்க்கு நீ தயாராக இல்லை, அதை விடு. அதற்கடுத்தது 2028, ஜப்பானில் ஐச்சி. 2007-ல் பிறந்த உனக்கு அப்போது 21. அதை விட்டால் 2030-ல் நீ வயது கடந்தவள். உன் தாத்தா மாதிரி எழுபது வயதிலும் வெல்டிங் ராடு பிடிக்கலாம், ஆனால் இந்த வாசல் மூடிவிடும்.

ஜப்பான் வரைக்கும் கற்பனை பண்ணுகிறான் அப்பா என்று சிரிக்காதே. முதலில் மாவட்டம், அப்புறம் மாநிலம். நம் ஊரில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்தான் நடத்துகிறது. அதில் தேறினால் தென்மண்டலம், அதற்குப் பிறகுதான் தேசியப் போட்டியான இந்தியா ஸ்கில்ஸ். 2024 மே மாதம் டெல்லி துவாரகாவில் யசோபூமி அரங்கில் நடந்ததில் 61 பிரிவு, 900 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒடிசா முதலிடம். கர்நாடகாவும் நமக்கு முன்னால் இருந்தது. அதிலிருந்து தேர்வானவர்கள் செப்டம்பரில் பிரான்சின் லியோனுக்குப் போய் 4 வெண்கலம் வாங்கினார்கள். பேஸ்ட்ரி, ஹோட்டல் ரிசப்ஷன், சோலார் மாதிரியான புதுப்பிக்கத்தக்க ஆற்றல், இன்டஸ்ட்ரி 4.0. வெல்டிங்கில் வரவில்லை. கேக் செய்கிறவர்கள் வாங்கிவிட்டார்கள், இரும்பு ஒட்டுகிறவர்கள் வாங்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, மெடலை விடு. அதற்காக நான் உன்னைப் போகச் சொல்லவில்லை.

நம் கடைக்குக் கேட் போட வருகிறவர் கிலோ என்ன ரேட் என்று கேட்கிறார். மொபைலில் டிசைன் காட்டுகிறார். என்ன பெயின்ட் என்கிறார். குனிந்து ஜாயின்ட்டைப் பார்த்த ஆள் இந்தப் பாடி ஏரியாவில் ஒருத்தரும் இல்லை. நாமும் 6013 ராடில் இழுத்து, கிரைண்டர் போட்டு, எங்காவது பள்ளம் தெரிந்தால் பட்டி வைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம். கேட் நிற்கும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கை எவ்வளவு நல்ல கை என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

உன் கதை வேறு. அங்கே பாய்லர் டியூபுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே போரோசிட்டி என்கிற காற்று ஓட்டை இருந்தால், ரூட் என்கிற அடி ஒட்டு சரியாக இறங்காமல் இருந்தால் ஃபிலிமில் காட்டிக்கொடுத்துவிடும். என்னை விட நீ பத்துப் படி மேலே இருக்கிறாய். ஆனாலும் அது பாஸா, ஃபெயிலா என்பதோடு நின்றுவிடுகிறது. பாஸ் என்றால் தட்டுத் தடுமாறிப் பாஸா, பிரமாதமான பாஸா? அதை ஃபிலிம் சொல்லாது.

வேர்ல்ட் ஸ்கில்ஸில் மார்க் போடுகிற முறையைப் படித்துவிட்டுத்தான் எனக்கு இந்த எண்ணமே வந்தது. அளந்து பார்க்கிற மார்க் தனி. கண்ணால் பார்த்து முடிவு பண்ணுவதற்கு 0 முதல் 3 வரை ஒரு அளவு. மூன்று நிபுணர்கள் பேசிக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் 1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசி, மறுபடி காட்ட வேண்டும். சொந்த நாட்டுப் பிள்ளைக்கு அந்த நாட்டு நிபுணர் மார்க் போட முடியாது. இதில் முக்கியம் என்ன தெரியுமா? கம்பெனியில் ஏற்றுக்கொள்கிற தரத்தில் வேலை இருந்தால் கிடைப்பது வெறும் 1. அதற்குக் கீழே என்றால் 0. உன் எக்ஸ்ரே பாஸ் எல்லாம் அங்கே ஒன்றுதான். 2-ம் 3-ம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா நீ?

வெல்டிங் பிரிவில் மொத்தம் 18 மணி நேர வேலை, நான்கு நாளில் பிரித்துச் செய்ய வேண்டும். முதலில் டெஸ்ட் பீஸ்கள். அப்புறம் ஒரு பிரஷர் வெஸல், அதாவது அழுத்தம் தாங்குகிற கலன், நீயே கட்டி ஒட்டி முடித்த பிறகு உள்ளே தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் மார்க் போச்சு. பிறகு அலுமினியத்தில் ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்று. சாதா ராடு, கோ2, ஃபிளக்ஸ் கோர், ஆர்கான் வாயுவில் செய்கிற டிக் என நான்கு வெல்டிங் முறையும் வரும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த விதி, மேலே தெரிகிற கடைசி வெல்டிங் அடுக்கில் கிரைண்டர் வைக்கக் கூடாது என்பது. கம்பி பிரஷ் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். இழுத்தது இழுத்தபடி நிற்க வேண்டும். இந்த விதியைச் சென்னையில் ஒரு வாரம் அமல்படுத்தினால் பாதி ஃபேப்ரிகேஷன் கடை ஷட்டரை இறக்கிவிடும். என் கடையும் சேர்த்துத்தான்.

உனக்கு எங்கே இடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ராடு வேலையில் பயம் இல்லை. 7018 ராடை ஓவனில் வைத்துச் சூடாக எடுத்துப் போட வேண்டும் என்று எனக்கே நீதான் சொல்லிக்கொடுத்தாய். சென்னைக் காற்றில் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டால் ராடு ஈரத்தைக் குடித்துவிடும், அந்த ஹைட்ரஜன்தான் அப்புறம் கிராக்காக வருகிறது என்று நீ சொன்னதைக் கடைப் பையன்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து வைத்து ஒட்டுவதும் உனக்குப் பழக்கம். நீங்கள் 6ஜி என்பதை அங்கே எச்-எல்045 என்று எழுதியிருப்பார்கள், பயப்படாதே, அதே சாய்வுதான். டிராயிங் இங்கிலீஷில் இருக்குமே என்றாய். அதில் முக்கால்வாசி குறியீடு. மூலையில் போடுகிற ஃபில்லெட் ஒட்டுக்கு முக்கோணம், ராடுக்கு 111, டிக்குக்கு 141. இந்த எண்கள் ஜெர்மனிக்காரனுக்கும் உனக்கும் ஒன்றுதான்.

இடிக்கப்போவது அலுமினியத்தில். அது 660 டிகிரியிலேயே உருகிவிடும், மேலே இருக்கிற ஆக்ஸைடு தோலோ 2000 டிகிரி தாண்டினால்தான் உருகும். தோல் உருகக் காத்திருந்தால் உள்ளே இருப்பது ஓட்டையாகி விழுந்துவிடும். அதனால்தான் ஏசி கரன்டில் டிக் போடுகிறார்கள், ஒரு பக்க அலை தோலை உடைக்க, மறு பக்க அலை உருக்க. இதைப் புத்தகத்தில் படித்து ஆகாது, கை படிய வேண்டும். தகடு, ஃபில்லர், ஆர்கான் எல்லாம் விலை. நான் பாடியில் வாங்கிப் போட்டு உனக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. ஆனால் நீ இருக்கிற வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1975-ல் ஆரம்பித்தது. அங்கே நடக்கிற பயிற்சிகளில் அப்ரண்டிஸ் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று நேரில் போய்க் கேள். கூச்சப்படாதே, இல்லை என்றால் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்.

கோளாறும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை நம் கடைப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். சில இடங்களில் ஒரே ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்கி எடுத்து, மாதக்கணக்கில் அவனுக்கு மட்டும் தனி மெஷின், தனி மெட்டீரியல் கொடுத்துத் தயார் பண்ணுகிறார்கள். ஜெயித்தால் வாசலில் பேனர். அதே வகுப்பில் மற்ற பிள்ளைகள் ராடு இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. உன்னை அப்படி யாராவது பொறுக்கினால் சந்தோஷப்படு, ஆனால் கூட இருக்கிற பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள், இரண்டு பீஸ் அவளும் போடட்டும்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். நன்றாக ஒட்டுகிற பையன்கள் மேஜையில் கோட்டை விட்டார்கள். ராடு துண்டு தரையில், கையுறை ஒரு பக்கம், கிளாம்ப் ஒரு பக்கம், ஒட்டின் மேல் படிகிற ஸ்லாக் கசடைத் தட்டும்போது கண்ணாடி போடவில்லை. இதற்கெல்லாம் மார்க் உண்டு என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. இந்த விஷயத்தில் நீ உன் அம்மா பெண், எனக்குக் கவலை இல்லை.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஸ்பெயினில் கை வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று, பிள்ளைகளைத் தொழில் பக்கம் இழுக்கத்தான் போட்டி வைத்தார்கள். 1950-ல் மாட்ரிட்டில் ஸ்பெயின் பிள்ளைகள் 12 பேர், போர்ச்சுகல் பிள்ளைகள் 12 பேர், அவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட் ஓனர்கள் இன்றைக்கு என்னிடம் புலம்புவதும் அதே புலம்பல்தான், வெல்டர் கிடைக்கவில்லை. போட்டி வைப்பதை விட சம்பளத்தை ஏற்றினால் சீக்கிரம் கிடைப்பான் என்று நான் சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

தோற்றுவிட்டால் என்ன என்று அம்மா கேட்கிறாள். என்ன ஆகப்போகிறது, அப்ரண்டிஸ் சர்டிபிகேட் கையில் இருக்கும். அதற்குப் பிறகு கிண்டியில் என்எஸ்டிஐ என்கிற தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது, பழைய ஆட்கள் இன்னும் சிடிஐ என்றுதான் சொல்வார்கள். அங்கே ஐடிஐ ஆசிரியர் ஆவதற்கான ஒரு வருடப் பயிற்சி உண்டு. உனக்குச் சொல்லிக்கொடுக்க வரும், கடைப் பையன்களே சாட்சி. டிப்ளமோ ஆசை இருந்தால் மட்டும் ஒரு சிக்கல். நேராக இரண்டாம் வருடத்தில் சேர இரண்டு வருட ஐடிஐ கேட்பார்கள், வெல்டர் ஒரு வருடப் படிப்பு. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு பண்ணுவது ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் என்கிற அரசு இணையதளத்தில். அறிவிப்பு வருவதற்கு முன்பே அக்கவுன்ட் திறந்து வைத்துக்கொள். ஆதாரில் இருக்கிற பேரும் பத்தாவது மார்க் ஷீட்டில் இருக்கிற பேரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். உனக்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருப்பதாக ஞாபகம். அதை இப்போதே சரி பண்ணிவிட்டால் கடைசி நாளில் அலைய வேண்டாம். போட்டி நாட்களுக்கு லீவு தருவார்களா என்று உன் பயிற்சி ஆபீஸில் எழுதிக் கொடுத்துக் கேள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை இரும்பு வாங்க மண்ணடி போகிறேன். தானாக இருட்டாகிற ஹெல்மெட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டிக்குக்கு நீ கண்ணாடியின் இருட்டை, அதாவது ஷேடை, எத்தனையில் வைக்கிறாய், பத்தா பதினொன்றா? வெள்ளிக்கிழமைக்குள் சொல், வாங்கி நைட் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா